மரியாதைக்கு எந்த வினைச்சொல்?

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குபவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. "உன்னிடம் இருக்கிறது" என்று நண்பனிடம் சொல்ல 'தியெனெஸ்' என்ற வினை. அதையே மரியாதையாகச் சொல்ல 'தியெனே'. இது "அவரிடம் இருக்கிறது" என்பதற்கான வினை! எதிரே நிற்பவருக்குப் படர்க்கை வினை ஏன்? இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது.

லத்தீனில் 'தூ' ஒருமை, 'வோஸ்' பன்மை. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. ஸ்பானியத்திலும் வோஸ் மரியாதைச் சொல்லாகவே இருந்தது. ஆனால் கண்டவர்களையும் வோஸ் என்று அழைக்கத் தொடங்கியதும் அதன் மதிப்பு தேய்ந்தது. அந்த இடத்தைப் பிடித்தது 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது "தங்கள் அருள்". பேச்சு ஆளை நோக்கி அல்ல, அவரது அருளை நோக்கி. அருள் என்பது படர்க்கைப் பெயர் என்பதால் வினையும் படர்க்கைக்கு மாறியது.

இந்தக் கௌரவப் பித்தை 1554-ல் வெளிவந்த, ஆசிரியர் பெயர் தெரியாத 'லசரில்யோ தே தோர்மெஸ்' நாவல் நன்றாகக் கேலி செய்கிறது. அதில் ஒரு ஏழைப் பிரபு வருகிறான். வேலைக்காரச் சிறுவன் பிச்சையெடுத்து வரும் ரொட்டியைத் தின்றுதான் அவன் உயிர் வாழ்கிறான். ஆனாலும் ஊரில் ஒரு கைவினைஞர் "தங்கள் அருளைக் கடவுள் காக்கட்டும்" என்று வணங்கியதற்காக அவரோடு சண்டை போட்டவன் அவன். தன்னைப் போன்றவர்களிடம் "கைகளை முத்தமிடுகிறேன்" என்றல்லவா சொல்ல வேண்டும் என்பது அவன் வாதம். 'காத்தல்' என்ற வினை சாமானியர்களுக்காம், 'முத்தமிடுதல்' என்ற வினைதான் மேன்மக்களுக்காம்! வயிறு காய்ந்தாலும் வினைச்சொல்லில் குறை வரக்கூடாது.

பட்டங்களும் அழைப்புமுறைகளும் அளவு மீறிப் போகவே, 1586-ல் மன்னர் இரண்டாம் பிலிப் அவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார். தமக்கு எழுதும் கடிதங்களில்கூட வெறும் 'செந்யோர்' (ஐயா) போதும் என்றார். சட்டத்தால் பேச்சுவழக்கை அடக்க முடியுமா? பெருமை பேசும் ஆசை அடங்கவில்லை.

1605-ல் வெளிவந்த செர்வாந்தெஸின் 'தொன் கிஹோத்தே'யில் சான்ச்சோ தன் எஜமானனை வுவெஸ்த்ரா மெர்செத் என்கிறான். எஜமானன் அவனைத் தூ என்கிறான், கோபம் வந்தால் வோஸ் என்கிறான். ஒரு காலத்தில் பேரரசரை அழைத்த சொல் வேலைக்காரனைத் திட்டும் சொல்லானது!

மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து வுவெஸ்த்ரா மெர்செத் 17-ஆம் நூற்றாண்டில் 'உஸ்தெத்' ஆகச் சுருங்கியது. அருள் மறைந்தது, படர்க்கை வினை மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்பெயினில் வழக்கொழிந்த வோஸ், கடல் கடந்து சென்ற அர்ஜென்டினாவில் இன்று நண்பர்களுக்கிடையே அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. கொலம்பியாவின் சில பகுதிகளிலோ கணவனும் மனைவியும்கூட ஒருவரையொருவர் உஸ்தெத் என்கிறார்கள்.

ஆக, மரியாதை என்பது சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சொல்பவரும் கேட்பவரும் அதற்குக் கொடுக்கும் மதிப்புதான் மரியாதை.