அப்பாவின் டயரும் சீமைக்கருவேல முள்ளும்

கடலை பறிப்பு முடிஞ்சு இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சது.

போன மாசம் சென்னையிலிருந்து என் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, ஆபீசுக்கு சைக்கிள்லதான் போறேன். கியர் இல்லாத சாதா வண்டி. ரெண்டு மாசத்துல நாலு பஞ்சர். அகலமான டயர் போட்டா பஞ்சரே ஆகாதுன்னு கடையில சொல்றாங்க, நிஜமா?" என்றான். "யோசிச்சு சொல்றேன் மாப்ளே" என்று வைத்தேன். யோசிக்க உட்கார்ந்தது எங்கெங்கேயோ போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காற்று அடிக்கும் டயர் வருவதற்கு முன்னால் பஞ்சர் என்ற பேச்சே கிடையாது. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, அப்புறம் கெட்டி ரப்பர். இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சைக்கிளுக்கு 'எலும்பாட்டி' என்று அர்த்தம் வருகிற மாதிரி பட்டப்பேரே வைத்திருந்தார்கள். 1845ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் பூசின துணிக்குழாயில் காற்றை அடைத்து, மேலே தோல் போர்த்தி, சக்கரத்தில் மாட்டிக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியில் ஓட்டியும் காட்டினார். விலை கட்டுப்படியாகாமல் ஊர் அதை மறந்தே போனது.

அதற்கப்புறம் நாற்பது வருசம் கழித்து வந்தவர்தான் டன்லப். ஜான் பாய்டு டன்லப், அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் ஊரில் மாட்டு டாக்டர்! நம்ம ஆள்னு சொல்லிக்கொள்ளலாம். மகனுடைய மூணு சக்கர சைக்கிள் கல் பாவின தெருவில் குதிப்பதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடித்துச் சுற்றிவிட்டார். 1888ல் காப்புரிமை. அடுத்த வருசம் வில்லி ஹியூம் என்பவர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் ஜெயித்தார். தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை.

காற்று வந்தது, கூடவே பஞ்சரும் வந்தது. அந்த முதல் டயர்களை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்து, அடைத்து, திரும்ப ஒட்டி, பசை காய ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஊர் மிஷ்லின் சகோதரர்கள், 1889ல் பஞ்சரோடு வந்து நின்ற ஒரு சைக்கிள்காரருடைய டயரைச் சரிசெய்து கொடுக்கப் பட்ட பாட்டில்தான், கழற்றி மாட்டும் டயரை யோசித்தார்களாம். 1891ல் அந்த டயரைப் போட்டு சார்ல் தெரோன் என்பவர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்தார். அதோடு விட்டார்களா? மறு வருசம் தாங்களே ஒரு பந்தயம் நடத்தி, சீக்கிரம் பஞ்சர் ஒட்டிவிடலாம் என்று காட்டுவதற்காக ரோட்டில் ஆணியை இறைத்து வைத்தார்கள். பஞ்சர் கடைக்காரன் ஆணி போடுறான்னு நம்ம ஊரில் சந்தேகப்படுவோமே, அங்கே கம்பெனியே போட்டிருக்கு.

நம்ம ஊருக்கு வந்தது கருப்பு பெயின்ட் அடித்த கனத்த சைக்கிள். 28 இஞ்ச் சக்கரம், ஒன்றரை இஞ்ச் டயர். இங்கிலாந்தில் மோசமான ரோட்டுக்கும் பாரத்துக்கும் என்று செய்த அளவு அது. 1949ல் மெட்ராஸில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த பிறகு அம்பத்தூரிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்தார்கள். அப்பா வைத்திருந்ததும் அந்த மாதிரி வண்டிதான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கேரியரில் நெல் மூட்டை, பின்னால் அம்மா, முன்னால் பாரில் நான். டயர் நசுங்கும், ஆனால் தாங்கும்.

தாங்காதது முள். எங்கள் கண்மாய்க் கரை முழுக்க சீமைக்கருவேலம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மரம். அதன் முள் விரல் நீளத்துக்கு இருக்கும், காய்ந்தால் ஆணிதான். நான் ஒன்பதாவது படிக்கும்போது விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு அந்தக் கரை வழியாகத்தான் போவேன். பாலை ஊற்றிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம். பஞ்சர் ஆனால் நாலு கிலோமீட்டர் தள்ள வேண்டும். ஒரு சித்திரை மாசம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிட்டது. எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்குப் போகவில்லை. அந்த மாதிரி நாட்கள் அந்த வருசம் நிறைய. பன்னிரண்டாவதோடு நான் நின்றதற்கு முள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அப்படி. முள்ளும் தன் பங்குக்குச் செய்தது.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. தேய்ந்த பழைய டயரின் ஓரக் கம்பியை அறுத்து எறிந்துவிட்டு, நடுப்பட்டையை மட்டும் வெட்டி, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் சுற்றி வைத்தார். வண்டி மிதிக்கக் கனத்தது, தொடை வலிக்கும். ஆனால் பஞ்சர் பாதிக்கு மேல் குறைந்தது. இன்றைக்கு விலை கூடின டயர்களில் தரையில் படும் பட்டைக்கு அடியில் கெட்டி ரப்பரோ உறுதியான இழைத்துணியோ வைத்து விற்கிறார்களே, அது அப்பா செய்த வேலைதான்.

என் வீட்டுக்காரி புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பொம்பளைகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது கற்றவள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டினார்களாம். அவளும் அண்ணன் வண்டியில்தான் ஓட்டினாள். "ஓட்டினது பெருசில்ல. பஞ்சர் ஒட்டவும் கத்துக்கிட்டேன், அதுக்கப்புறம்தான் எவனையும் எதிர்பார்க்காம வெளியூர் போனேன்" என்பாள்.

சரி, மாப்பிள்ளைக்கு நான் சொன்னது: அகலம் குழிக்கு, கனம் முள்ளுக்கு. ரெண்டும் வேற வேற. காற்று குறைந்த ஒல்லி டயர் குழியில் விழுந்தால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை விழும். அகலமான டயர் அதைத் தடுக்கும். ஆனால் முள்ளுக்கு அகலம் தெரியாது. அதற்கு உள்ளே பட்டை வைத்த டயர் வேண்டும். கியர் இல்லாத வண்டியில் அந்தக் கனம் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது தெரியும், அதையும் நினைச்சுக்கோ. போர்க்கில் இடம் இருக்கான்னு பாரு. டயரில் 28 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிடாதே. நம்ம பழைய வண்டி டயரில் 635 என்று சின்னதாக இருக்கும், இப்போதைய வண்டிகளில் 622. ரெண்டுக்கும் 28 என்றுதான் பேர். ஒன்றுக்கு வாங்கினது மற்றதில் உட்காராது.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி போனைப் பிடுங்கினாள். "நாலு ஓட்டையும் ஒரே இடத்துலயாப்பா?" என்றாள். அவன் தெரியாது என்றான். "டயருக்குள்ள துணியை விட்டுத் துடைச்சுப் பாரு. டியூபை மட்டும் ஒட்டிட்டு முள்ளை உள்ளயே விட்டுருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பியிருந்தான். உள்ளங்கையில் முடி மாதிரி ஒரு இரும்புக் கம்பித் துண்டு. தேய்ந்துபோன லாரி, கார் டயரிலிருந்து உதிர்கிற கம்பி. புது டயர் இன்னும் வாங்கவில்லையாம்.