சுந்தரபாண்டியபுரம் சாலைகளில் வேகமும் சுமையும்: கைபேசித் தரவால் போக்குவரத்தை அளப்பதன் எல்லைகள்

சாலைப் போக்குவரத்தை அளக்க இன்று கிடைக்கும் மலிவான வழி கைபேசி. வண்டியில் செல்பவரின் பையில் கிடக்கும் கருவி தான் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையிலான தொலைவை, கடக்க எடுத்த நேரத்தால் வகுத்தால் வேகம் தெரிந்துவிடும். சாலையில் கருவி பதிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஆள் நிறுத்த வேண்டியதுமில்லை. நகரங்களில் பலன் தந்த இம்முறை சிற்றூர்ச் சாலைகளுக்கும் பொருந்துமா என்பதைத் தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கைபேசித் தரவு வேகத்தை நம்பும்படி சொல்லும். எத்தனை வண்டிகள், எவ்வளவு சுமை என்பதைத் தனித்துச் சொல்லாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. வேகத்தை அளந்த ஆய்வுகள்

2008 பிப்ரவரி 8 அன்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் நோக்கியா நிறுவனமும் அம்மாநிலப் போக்குவரத்துத் துறையும் இணைந்து ‘மொபைல் செஞ்சுரி’ என்ற சோதனையை நடத்தின. நோக்கியா என்95 கைபேசிகளுடன் 100 கார்கள் ஒரு நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடின. சாலையில் செல்லும் வண்டிகளில் 2 முதல் 3 விழுக்காடு கருவி வைத்திருந்தாலே வேகத்தைச் சரியாகக் கணிக்கலாம் என்று அச்சோதனை காட்டியது. அதே ஆண்டில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் ‘நெரிசெல்’ என்னும் ஆய்வில், கைபேசியின் அதிர்வுணரியையும் மைக்கையும் கொண்டு சாலைப் பள்ளங்களையும் ஹாரன் ஒலியையும் கண்டறிந்தது. பேருந்துகளின் ஜிபிஎஸ் தரவைக் கொண்டு, தடம் பிரிக்காமல் எல்லா வண்டிகளும் கலந்து ஓடும் நம் சாலைகளில் பயண நேரத்தை முன்கணிக்கும் முறைகளைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

இவை எல்லாமே வேகத்தையும் நேரத்தையும் சாலையின் நிலையையும் தேடிய ஆய்வுகள். எண்ணிக்கை இவற்றின் கேள்வியாக இருக்கவில்லை.

2. வேகத்திலிருந்து எண்ணிக்கை ஏன் வராது

ஒரு சாலையில் மணிக்கு எத்தனை வண்டிகள் செல்கின்றன என்பது, வேகத்தையும் ஒரு கிலோமீட்டரில் உள்ள வண்டிகளின் அடர்த்தியையும் பெருக்கினால் வருவது. நெரிசல் உள்ள சாலையில் அடர்த்தி கூடக்கூட வேகம் குறையும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க வழியுண்டு. நெரிசல் இல்லாத சாலையிலோ மணிக்கு 50 வண்டிகள் போனாலும் 200 வண்டிகள் போனாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றியுள்ள சாலைகள் ஆண்டின் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தரவைக் கொண்டு நிறமிடும் கூகுள் மேப்பில் பச்சைக் கோடு தெரிந்தால் ‘தடையில்லை’ என்றுதான் பொருள். ‘வண்டி இல்லை’ என்று பொருளில்லை.

சிவப்புக் கோட்டையும் அப்படியே நம்ப முடியாது. சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 2020இல் 99 கைபேசிகளைக் கைவண்டியில் ஏற்றி பெர்லின் தெருக்களில் மெல்ல இழுத்துச் சென்றார். வெறிச்சோடிய தெரு கூகுள் மேப்பில் சிவந்தது. சுந்தரபாண்டியபுரத்திலும் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் வயலோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்போரும், ‘அந்நியன்’ படத்துக்காக வண்ணம் பூசிய பாறையைப் பார்க்க இறங்குவோரும் விரும்பியே நிற்கிறார்கள். நின்ற வண்டியையும் நெரிசலில் சிக்கிய வண்டியையும் பிரிக்காவிட்டால் தரவு பொய் சொல்லும்.

3. இரண்டு பருவங்கள், ஒரு கணக்கு

குற்றாலம் சீசனை ஒட்டியே இங்கு சூரியகாந்தி பூக்கிறது. அருவிக்கு வந்தவர்களும் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் கேரளத்தவரும் இந்த ஊரையும் எட்டிப் பார்க்கிறார்கள். புது ஊர் என்பதால் வழி கேட்க மேப்பைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பிசானப் பருவ அறுவடையிலோ நெல் ஏற்றிய டிராக்டர்களும் உள்ளூர் பைக்குகளும்தான் சாலையில் அதிகம். தினம் போகும் வழிக்கு யாரும் மேப்பைப் பார்ப்பதில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். கார்களில் 60 விழுக்காடும் பைக்குகளில் 20 விழுக்காடும் இடத்தரவு அனுப்புவதாகவும், டிராக்டர்கள் அனுப்புவதே இல்லை என்றும் கொள்வோம். சீசனில் ஒரு மணி நேரத்தில் 80 கார், 120 பைக் செல்கின்றன: பதிவாவது 48+24, அதாவது 72. அறுவடையில் ஒரு மணி நேரத்தில் 20 கார், 165 பைக், 15 டிராக்டர் டிரெய்லர்: பதிவாவது 12+33, அதாவது 45. இரண்டு வேளையும் சென்றவை 200 வண்டிகளே.

சுமையைக் கணக்கிட்டால் முடிவு தலைகீழாகிறது. இந்திய சாலைப் பேரவையின் 1990ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஊரகச் சாலையில் கார் ஒன்றுக்கு 1, பைக்குக்கு 0.5, டிராக்டர் டிரெய்லருக்கு 4.5 அலகு; ஒரு வண்டி சாலையில் அடைக்கும் இடத்தைக் காரோடு ஒப்பிடும் அளவு இது. சீசன் மணிக்கு 140 அலகும் அறுவடை மணிக்கு 170 அலகும் வருகின்றன. சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்க, கைபேசிப் பதிவோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இந்தத் தரவை மட்டும் நம்பிச் சாலை போட்டால் சுற்றுலாப் பயணிக்குச் சாலை அகலமாகும். நெல் வண்டிக்குப் போதாது.

4. மறுப்பும் விடையும்

கையால் எண்ணும் முறையில் மட்டும் குறை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஊர்ப்புறச் சாலைகளுக்கான அதே பேரவையின் 1972ஆம் ஆண்டு நெறிமுறை, அறுவடையும் விற்பனையும் உச்சத்தில் உள்ளபோது ஒருமுறை, மந்தமான காலத்தில் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள் எண்ணச் சொல்கிறது. அது விவசாயத்தின் நாள்காட்டியை அறிந்தது. பூப்பார்க்க வரும் கூட்டத்தை அறியாதது. கைபேசி அக்கூட்டத்தை அறியும். களத்து வண்டியை அறியாது. ஒன்று தவறவிடுவதை மற்றது பிடிக்கிறது என்பதால்தான் இரண்டும் வேண்டும்.

டவர் பதிவுகள் உதவாதா என்றும் கேட்கலாம். செல்போன் டவர் பதிவுகளைக் கொண்டு கொழும்புக்கு வெளியிலிருந்து தினமும் வந்து செல்வோரை இலங்கையின் லேர்ன்ஏசியா நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. வட்டாரம் விட்டு வட்டாரம் செல்லும் பயணங்களுக்கு அம்முறை பயன்படும். சிற்றூர்ப் பகுதியிலோ டவர்கள் கிலோமீட்டர் கணக்கில் விலகி நிற்பதால், அருகருகே செல்லும் இரு சாலைகளில் வண்டி எதில் போனது என்பதை அவற்றால் பிரித்தறிய இயலாது.

அந்தரங்கமும் இங்குக் கூடுதல் கவனம் கேட்கிறது. 15 லட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, நான்கு இட நேரப் புள்ளிகளே 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காட்டப் போதும் என்றது. நள்ளிரவில் ஒரே வண்டி கடக்கும் தெருவில், பெயரை நீக்கினாலும் அது யாருடையது என்று ஊருக்குத் தெரியும்.

5. முடிவு

நெடுஞ்சாலைத் துறை செய்ய வேண்டியவை மூன்று. அறுவடை வாரத்தோடு சீசன் வாரத்திலும் வண்டி வகை பிரித்துக் கையால் எண்ண வேண்டும். அவ்விரு வாரங்களின் கைபேசிப் பதிவோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி விகிதம் காண வேண்டும். அதன் பிறகே மற்ற வாரங்களுக்குக் கைபேசியை நம்பலாம். குறைந்த அளவு வண்டிகள் சென்ற மணிகளின் பதிவை வெளியிடாமல் விட வேண்டும். இந்த விகிதம் காணப்படாதவரை, கைபேசித் தரவை மட்டும் காட்டி ஊரகச் சாலைத் திட்டம் எதையும் ஏற்பதோ மறுப்பதோ முறையாகாது.