பார வண்டியும் இருவகை யந்திரமும்

பாரவண்டி வாங்குவோர் குதிரைச் சக்தியை மட்டும் வினவுதல் போதாதென்பதற்கு யந்திர சரித்திரமே சான்றாம்.

1876இல் ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஆட்டோ என்பார் நான்கு வீச்சு யந்திரத்தை இயக்கிக் காட்டினார். அவ்வழிவந்த பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறியால் தீப்பற்றும். ருடால்ப் டீசல் என்பாரோ, காற்றை மிக அழுத்தின் அவ்வெம்மையே எண்ணெயைக் கொளுத்துமென்பதை 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் மெய்ப்பித்தார்.

இவற்றின் வேற்றுமையை அமெரிக்க நாட்டுச் செவர்லே கொலராடோ என்னும் இடைத்தரப் பிக்கப் லாரி நன்கு விளக்கும். 2017ஆம் ஆண்டு வண்டியில் 3.6 லிட்டர் பெட்ரோல் யந்திரம் 308 குதிரைச் சக்தியுடையது, 2.8 லிட்டர் டீசல் யந்திரத்துக்கோ 181 மட்டுமே. ஆயினும் முன்னது இழுப்பது 7,000 ராத்தல், பின்னது 7,700. எங்ஙனமெனின், டீசல் யந்திரம் மெல்லச் சுழலினும் அதன் திருகுவிசை பெரிது.

நிற்க. டீசலுக்கு விலை மிகுதி. புகையைத் தூய்மை செய்யும் கருவிகளும் வேண்டும். 2022க்குப்பின் கொலராடோவில் அது நீங்கிற்று. காற்றை அழுத்திப் புகுத்தும் டர்போ பொருந்திய 2.7 லிட்டர் பெட்ரோல் யந்திரம், 2023ஆம் ஆண்டு வண்டியில் அதே 7,700 ராத்தலை இழுத்தது.

ஆதலின், கடன்பட்டு வண்டி வாங்கும் நம்மவர் எண்ணெயின் பெயர்கண்டு மயங்காது, ஏற்றும் பாரத்தையும் செல்லும் தூரத்தையும் சீர்தூக்கி வாங்குவாராக.