யிமிரின் உடல்: நார்ஸ் படைப்புத் தொன்மம் உருவான வரலாறு

தெற்கே தீ எரியும் முஸ்பெல். வடக்கே பனி மூடிய நிஃபில்ஹைம். இரண்டுக்கும் நடுவே கின்னுங்ககாப் என்னும் பெருவெளி. தெற்கின் வெப்பத்தில் வடக்கின் உறைபனி உருக, அதிலிருந்து யிமிர் என்னும் அரக்கன் பிறக்கிறான். ஔதும்லா என்னும் பசு அவனுக்குப் பால் தருகிறது. உப்புக் கரிக்கும் பனிப்பாறையை அது நக்க நக்க, ஒடினின் பாட்டன் உருவம் மெல்ல வெளிப்படுகிறது. பின்னர் ஒடினும் உடன்பிறந்தார் இருவரும் யிமிரைக் கொன்று, அவன் தசையை நிலமாகவும் குருதியைக் கடலாகவும் எலும்பை மலையாகவும் மண்டையோட்டை வானமாகவும் ஆக்குகிறார்கள். நார்ஸ் மக்களின் படைப்புக் கதையாக இன்று சொல்லப்படுவது இதுவே.

இந்தக் கதை முழுவதும் தொடர்ச்சியாக வருவது ஒரே நூலில்தான். ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் (1179–1241) 1220 வாக்கில் எழுதிய உரைநடை எட்டா அது. ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, ஸ்நோரியும் கிறித்தவரே. கடலை ‘யிமிரின் குருதி’ என்றும் வானத்தை ‘யிமிரின் மண்டையோடு’ என்றும் சொல்லும் பழைய கவிமரபு இளம் கவிஞர்களுக்குப் புரியாமல் போய்விடக்கூடாது என்பதே அவர் நோக்கம். வழிபாட்டிலிருந்து மறைந்துவிட்ட தொன்மத்தை அவர் இலக்கணத்துக்காக மீட்டார். ஆகவே, பிற மரபுகளோடு ஒப்பிடும் முன், அவர் கோத்த கதையைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

அதற்கு உதவுபவை அவர் எடுத்தாண்ட பழைய பாடல்கள். அவற்றின் முதன்மைச் சுவடியான கோடெக்ஸ் ரேகியுஸ் 1270களில் எழுதப்பட்டது; 1643இல் ஸ்கால்ஹோல்ட் ஆயர் பிரின்யோல்ஃபுர் ஸ்வைன்சன் கைக்கு வந்தது; பின்னர் டென்மார்க் அரசரிடம் சேர்ந்து, 1971இல்தான் ஐஸ்லாந்து திரும்பியது. இதிலுள்ள வோலுஸ்பா என்னும் பாடலில் ஒரு பாடபேதம் மிக முக்கியமானது. சுவடியின்படி ஆதிகாலம் என்பது யிமிர் வாழ்ந்த காலம். ஸ்நோரி காட்டும் பாடத்திலோ அது எதுவுமே இல்லாதிருந்த காலம். ஒரே வரிக்குள் இருவேறு தொடக்கங்கள்! இன்மையிலிருந்து தொடங்கும் பாடம் கிறித்தவச் சிந்தனைக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சுவடியில் உள்ள வெசோப்ருன் வேண்டுதல் என்னும் ஜெர்மானியக் கிறித்தவப் பாடலும் நிலமும் வானமும் இல்லாத நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. ரிக்வேதத்தின் நாசதீய சூக்தம் (10.129) இதற்கு இணையாக அடிக்கடி காட்டப்படும். ஆனால் அச்சூக்தம் இருப்பும் இன்மையும் இல்லாத நிலையைச் சொல்லி, இறுதிவரை வினாவாகவே நிற்பது. வோலுஸ்பாவில் பேசுபவளோ எல்லாவற்றையும் அறிந்த குறிகாரி. இரண்டின் குரலும் வேறு.

தீயின் செய்தி இன்னும் வியப்பானது. வாஃப்த்ருத்னிஸ்மால் என்னும் பாடலில், எலிவாகர் ஆறுகளிலிருந்து தெறித்த நச்சுத் துளிகள் திரண்டு அரக்கனாகின்றன; தென்திசைத் தீயைப் பற்றி அங்கே பேச்சில்லை. பழம்பாடல்களில் முஸ்பெல் வருவது உலகத்தின் முடிவில். 9ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய நூல்களான ஹேலியாண்டிலும் முஸ்பில்லியிலும் அச்சொல் இறுதி அழிவையே குறிக்கிறது. முடிவுக்குரிய தீயைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்நோரியாகவே தோன்றுகிறார். எரிமலையும் பனியாறும் அருகருகே உள்ள ஐஸ்லாந்தின் நிலமே இக்கதையைப் பிறப்பித்தது என்பது கவர்ச்சியான விளக்கம். ஸ்நோரி வாழ்ந்த ரேக்ஹோல்ட்டுக்கு அப்பால், தீயரக்கன் சுர்த்தின் பெயர் தாங்கிய எரிமலைக்குகையும் உண்டு. ஆயினும் முஸ்பெல் என்ற சொல் எரிமலை பொங்காத நாடுகளிலும் வழங்கியதால், நிலம் தந்தது வண்ணத்தை மட்டுமே எனக் கொள்வது பொருத்தம்.

உடல் உலகமாகும் பகுதிதான் பழமையில் வேரூன்றியது. வாஃப்த்ருத்னிஸ்மால், கிரிம்னிஸ்மால் ஆகிய இரு பாடல்களும் இதைச் சொல்கின்றன. ரிக்வேதத்தின் புருஷ சூக்தத்தில் (10.90) புருஷனின் கண்ணிலிருந்து சூரியனும், தலையிலிருந்து வானமும், காலிலிருந்து நிலமும் தோன்றுகின்றன. ஆனால் புருஷன் தேவர்களின் வேள்விப் பொருள். யிமிர் கொல்லப்பட்ட பகைவன். அவன் குருதிப் பெருக்கில் அரக்கர் குலமே மூழ்க, பெர்கெல்மிர் குடும்பம் மட்டும் தப்புகிறது. இவ்வகையில் கதை, தியாமத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்கிய பாபிலோனியத் தெய்வம் மர்துக்கின் கதையை நெருங்குகிறது. சீனத்துப் பாங்கு கதையிலும் இறந்தவனின் உடல் உலகமாகிறது. எனவே ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

உறவுக்கு வலுவான சான்று பெயர்தான். யிமிர், வேதத்து யமன், ஈரானின் யிமா ஆகிய மூன்றும் ‘இரட்டை’ எனப் பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியரின் முதல் மூதாதையாகக் குறித்த துயிஸ்டோவின் பெயரிலும் ‘இரண்டு’ என்ற பொருளையே பலர் காண்கின்றனர். யிமிரும் துணையின்றித் தன் உடலிலிருந்தே ஆணையும் பெண்ணையும் பிறப்பித்தவன். இவற்றைக் கொண்டு ஆய்வாளர் புரூஸ் லிங்கன் 1975இல் முதல் மனிதன், அவன் இரட்டை, ஒரு மாடு ஆகியோரைக் கொண்ட மூலக்கதை ஒன்றை மீட்டமைத்தார். இதில் ஓர் இடைவெளி உண்டு: இந்தியாவில் உடல் புருஷனுடையது, பெயர் யமனுடையது. ஈரானிய நூலான புந்தஹிஷ்ன் அதை ஓரளவு நிரப்புகிறது. அங்கே முதல் மனிதன் கயோமர்த்தும் ஆதி மாடும் சேர்ந்தே வருகின்றனர், இரண்டும் மடிகின்றன. பாடல்களின் படைப்புக் கதையில் இடம்பெறாத ஔதும்லாவை ஸ்நோரியின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இந்த மாடே காரணம்.

மனிதர் தோற்றத்திலும் ஈரானே அருகில் நிற்கிறது. கயோமர்த்தின் வித்திலிருந்து முளைத்த செடியே மஷ்யா, மஷ்யானா என்னும் முதல் இணையாயிற்று. நார்ஸ் தெய்வங்கள் கடற்கரையில் கண்ட இரு மரங்களுக்கு மூச்சும் உணர்வும் நிறமும் தந்து ஆஸ்க், எம்ப்லா என்ற மனிதராக்கினர். உலகம் அழியும் பெருங்குளிரிலும் லீஃப், லீஃப்த்ராசிர் என்னும் இருவர் காட்டுக்குள் ஒளிந்து, காலைப் பனித்துளியை உண்டு பிழைக்கின்றனர். ஈரானின் அவெஸ்தா மரபிலும் கொடும்பனி வருமுன் அடைப்பு ஒன்றைக் கட்டி உயிர்களைக் காப்பவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் யிமா.