விமானத்திலேயே தொடங்கிய கச்சேரி... ஹவானாவின் 'டிராபிகானா' இசை உலகுக்குத் தந்தது என்ன?

1950-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் மியாமியிலிருந்து கியூபா தலைநகர் ஹவானாவுக்குக் கிளம்பும் விமானம் ஒன்றில், முன்வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டு சின்னதாக ஒரு இசைக்குழுவையும் ஆடல் கலைஞர்களையும் ஏற்றிவிட்டார்கள். மொத்தப் பயணமே சுமார் ஒரு மணி நேரம்தான். அதற்குள் பயணிகளும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள். இறங்கியதும் நேராகப் போவது ஒரே இடத்துக்கு: டிராபிகானா.

கேபரே என்றாலே பலருக்கும் இறகுத் தொப்பி, மினுமினுக்கும் உடை, சூதாட்ட மேஜை, மாஃபியா கும்பல் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். டிராபிகானாவிலும் அவை இருந்தன, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் ஆஃப்ரோ-கியூப இசை வளர்ந்த முக்கியமான பட்டறைகளில் ஒன்று அது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யார் தொடங்கியது?

ஹவானாவின் மரியானாவ் பகுதியில் 'வில்லா மினா' என்ற பழைய தோட்ட மாளிகை இருந்தது. பெரிய மரங்கள் அடர்ந்த இடம். 1939 டிசம்பர் 30 அன்று விக்டர் டி கொரியா என்பவர் அங்கே இந்தக் கேபரேயைத் திறந்தார். 'நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு சொர்க்கம்' என்ற விளம்பரப் பெயர் பின்னாளில் அதற்கு நிலைத்தது. மேடைக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான் கூரை. மரங்களுக்கு நடுவிலிருந்தும் நடனக் கலைஞர்கள் தோன்றுவார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல், மழை. மழை பெய்தால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். அதைச் சமாளித்தவர் மார்ட்டின் ஃபாக்ஸ். சட்டவிரோத லாட்டரி நடத்திப் பணம் பார்த்த கியூபர் இவர். முதலில் இங்கே சூதாட்ட மேஜைகளை எடுத்து நடத்தியவர், 1950 வாக்கில் மொத்த இடத்தையும் தன் கைக்குக் கொண்டுவந்தார். மாக்ஸ் போர்ஜெஸ் என்ற இளம் கட்டடக் கலைஞரை அழைத்து 'கண்ணாடி வளைவுகள்' அரங்கத்தைக் கட்ட வைத்தார். அளவில் சிறுத்துக்கொண்டே போகும் கான்கிரீட் வளைவுகள், இடையிடையே கண்ணாடி. உள்ளேயும் மரங்கள் இருப்பதால், கூரைக்குக் கீழே உட்கார்ந்தாலும் தோட்டத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும்.

சரி, இசைக்கு வருவோம்

1941-இல் ஒரு ரஷ்ய பாலே குழு, உள்பிரச்னையால் வேலைநிறுத்தமாகி ஹவானாவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கலைஞர்களை வைத்து டிராபிகானாவில் 'கொங்கா பாந்தெரா' என்ற நிகழ்ச்சி உருவானது. அதில் கொங்கா மேளம் வாசித்தவர் சானோ போசோ. ஏழ்மையான குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். அவர்தான் பின்னாளில் நியூயார்க் போய் டிஸ்ஸி கில்லெஸ்பியுடன் சேர்ந்து 'மாந்தெகா' என்ற இசைத்துணுக்கை உருவாக்கினார். 1947 கடைசியில் பதிவான அது, ஜாஸும் கியூப மேளமும் கலந்ததற்கு இன்றும் முக்கியமான உதாரணமாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டே ஹார்லெமில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

1950-களில் நடன இயக்குநராக வந்த ரோடெரிகோ நேய்ரா, எல்லோருக்கும் 'ரோட்னி'. தொழுநோயால் பாதிக்கப்பட்ட கைகளோடு வேலை பார்த்த மனிதர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் போற்றிக் காத்த சாந்தெரியா வழிபாட்டின் தாளங்களையும் ஆட்டங்களையும் அவர் கேபரே மேடைக்குக் கொண்டுவந்தார். சாமி மேளத்தைச் சூதாட்ட விடுதியில் அடிப்பதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மேல்தட்டு கியூபா காலங்காலமாக இளக்காரமாகப் பார்த்த ஓசை அது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், எதிரே பெரும்பாலும் வசதியான வெள்ளையர்கள் என்ற நிலையையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

இசைக்குழுவை நடத்தியவர் அர்மாண்டோ ரோமெயூ. நாட் கிங் கோல் இங்கே வந்து பாடினார். 1958-இல் வெளியான அவருடைய ஸ்பானிஷ் பாடல் தொகுப்புக்கு ஹவானாவில் பக்கவாத்தியம் தந்ததும் ரோமெயூவின் குழுதான். ஒமாரா போர்துவோந்தோ நடனக் கலைஞராகத் தொடங்கியதும் இங்கேதான். 1945-இல் ஒரு நடனப் பெண் திடீரென விலக, அக்காவின் ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்தே அடவுகளைக் கற்றிருந்த ஒமாராவுக்கு வாய்ப்பு வந்தது. கால் தெரிய ஆடுவதற்கு வெட்கப்பட்ட மகளை அம்மாதான் சமாதானப்படுத்தி அனுப்பினாராம். அரை நூற்றாண்டு கழித்து 'பியூனா விஸ்டா சோஷியல் கிளப்' மூலம் உலகமே அவர் குரலைக் கேட்டது.

1959-க்குப் பிறகு?

பளபளப்புக்கு வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1956 புத்தாண்டு இரவில் டிராபிகானாவுக்குள்ளேயே குண்டு வெடித்து, ஒரு இளம்பெண் கையை இழந்தார். இரண்டு ஆண்டு கழித்து, இன்னொரு புத்தாண்டு இரவில் சர்வாதிகாரி பாடிஸ்டா நாட்டை விட்டே ஓடினார். ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியில் சூதாட்டம் நின்றது, டிராபிகானா அரசுடைமையானது. ஃபாக்ஸ் மியாமிக்குப் போய்விட்டார். இங்கே பாடியிருந்த செலியா க்ரூஸ் 1960-இல் வெளியேறினார். தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட அவரைத் திரும்ப அனுமதிக்கவில்லை.

இதில் பெபோ வால்டெஸின் கதை தனி. கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் டிராபிகானாவின் பியானோ கலைஞர், இசைக்கோர்ப்பாளர். கோயில் மேளமான பாட்டாவை பெரிய இசைக்குழுவில் சேர்த்து 1952-இல் 'பட்டாங்கா' என்ற புதுத் தாளத்தையே உருவாக்கினார். 1960-இல் குடும்பத்தை விட்டுவிட்டு மெக்சிகோ போனவர், பிறகு ஸ்வீடனில் குடியேறி, ஹோட்டல்களில் யாரென்றே தெரியாமல் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். 1994-இல் ஒரு புதிய இசைத்தட்டு வரும்வரை இதே நிலைதான்.

கியூபாவில் விட்டுவந்த மகன் சூச்சோ வால்டெஸ், 'இராகெரே' என்ற குழுவை உருவாக்கி ஜாஸுக்குள் அதே பாட்டா மேளங்களைக் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் மறுபடி சந்தித்தது 1978-இல், நியூயார்க்கில் இராகெரே வாசிக்க வந்தபோது. இருவரும் சேர்ந்து பியானோ வாசித்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. பெபோ 2013-இல், 94 வயதில் இறந்தார். கியூபாவுக்குத் திரும்பவே இல்லை.

அந்தக் கண்ணாடி வளைவுகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. டிராபிகானாவில் பார்வையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள்தான். ஒரு டிக்கெட் விலை சாதாரண கியூபரின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.