பலகையில் கட்டிய கணினி

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், தொலைபேசித் துறை கழித்துவிட்ட இரண்டு ரிலேக்களையும், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளையும், டார்ச் பல்புகளையும், புகையிலை டப்பாவிலிருந்து வெட்டிய தகரத் துண்டுகளையும் ஒரு மரப்பலகையில் பொருத்தி, இரும எண்களைக் கூட்டும் சுற்று ஒன்றை 1937-இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உருவாக்கினார். பலகையில் சுற்றமைக்கும் முறை அவருக்கும் முந்தையது; வானொலி ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணியும் திருகும் கொண்டு பாகங்களை இறுக்கி, இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து வந்தனர். பற்றவைத்த இணைப்பு உறுதியானது என்றாலும், ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் அதை உருக்கித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

இந்தத் தடையை நீக்கிய துளைப்பலகைக்கு ரொனால்டு போர்ச்சுகல் என்பவர் 1971-இல் விண்ணப்பித்து 1973-இல் வடிவுரிமை பெற்றார். நெகிழித் தட்டின் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள ஐந்து துளைகளுக்கு அடியில் வளைந்த உலோகக் கவ்வி ஒன்று இருப்பதால், அவற்றில் செருகப்படும் கம்பிகள் யாவும் ஒன்றோடொன்று இணைகின்றன; துளைகளின் இடைவெளியான 2.54 மில்லிமீட்டர், 7400 வரிசைத் தர்க்கச் சில்லுகளின் கால் இடைவெளியோடு அப்படியே பொருந்துகிறது. ஆல்பர்ட் மால்வினோ தம் பாடநூலில் விளக்கிய, பதினாறே நினைவிடங்கள் கொண்ட சாப்-1 என்னும் 8 பிட் கற்பித்தல் கணினியைத் தழுவி, பென் ஈட்டர் 2010-களின் பிற்பாதியில் இத்தகைய பலகைகளில் ஒரு கணினியைக் கட்டிக் காணொளிகளாக வெளியிட்டதும், உலகெங்கும் பலர் அதை அடியொற்றிக் கட்டத் தொடங்கினர்.

கழற்ற உதவிய கவ்வியே பழுதுக்கும் முதற்காரணமாயிற்று. கவ்வி தளர்ந்தால் மின்தடை கூடி, 5 வோல்ட்டாகப் புறப்படும் மின்சாரம் பலகையின் கடைக்கோடியை அடையும்போது இச்சில்லுகளுக்கு வேண்டிய 4.75 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பல சில்லுகள் ஒரே கணத்தில் நிலை மாறும்போது மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து, எண்களைத் தற்காலிகமாக ஏந்தும் பதிவகங்களில் உள்ள எண்கள் தாமாகவே மாறிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு சில்லின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைப்பது இதனால்தான். எங்கும் இணைக்காமல் விட்ட உள்ளீடு பெரும்பாலும் 1 போல நடந்துகொண்டாலும், சுற்றியுள்ள மின்னிரைச்சலையும் வாங்கிக்கொள்வதால், எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பழுதாகி, தேடுபவரை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது.

ஆகவே கணினியைப் படிப்படியாக நகர்த்தும் கடிகாரத் துடிப்பைக் கையால் ஒவ்வொன்றாகச் செலுத்தி, எல்இடி விளக்குகளைப் பார்த்து ஒவ்வொரு படியையும் சரிபார்ப்பதே இக்கணினியில் பழுது தேடும் முறையாயிற்று. ஆனால் மின்தடையின்றி நேரே இணைத்த சிவப்பு விளக்கு, சில்லின் வெளியீட்டை 1 என்று கொள்ளத் தேவையான 2 வோல்ட்டுக்கும் கீழே இழுத்துவிடக்கூடும் என்பதால், தேர்ந்தவர்கள் பழுது காட்டும் விளக்கையே முதலில் கழற்றிப் பார்க்கிறார்கள்.