பாண்டிய முத்தும் மன்னார் வளைகுடாக் குளியாளிகளும்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டாரத்தில் உள்ள திருவாதவூரில் நின்று பார்த்தால் வயலும் கண்மாயும் பாறைக் குன்றுமே கண்ணில் படும். கடல் வெகு தொலைவில் இருக்கிறது. ஆயினும் மதுரைச் சமவெளியின் பழைய வரலாற்றைக் கடலை விட்டுவிட்டு எழுத இயலாது. பாண்டியர் தலைநகரின் செல்வத்தில் ஒரு பெரும் பகுதி, மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கியவர்களின் உழைப்பால் வந்தது.

குன்றுகளில் கடலின் தடம்

திருவாதவூர் ஓவாமலைக் குகைத்தளத்திலும், அதே வட்டாரத்தின் மாங்குளம் குன்றிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஐராவதம் மகாதேவன் கணித்தார். மாங்குளக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனையும், வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவான நிகமத்தையும் குறிப்பிடுகின்றன. அந்நிகமத்தைச் சேர்ந்த ஒருவருக்குரிய 'காழிதி' என்ற பட்டத்துக்கு 'முத்துக் கண்காணிப்பாளர்' என்று மகாதேவன் பொருள் கண்டார். காழ் என்பதற்கு முத்து என்ற பொருளும் உண்டு. இவ்விளக்கத்தை ஏற்றால், கடலே இல்லாத இப்பகுதியில் முத்தை மேற்பார்வையிடும் பதவி இருந்தது என்று ஆகிறது.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்து கிடைக்கும் இடங்களின் பட்டியலில் பாண்டிய நாட்டையும் தாமிரபரணியையும் சேர்க்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயணநூலான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தல் நடந்ததாகக் கூறுகிறது. அந்த முத்துகளை ரோம் நகரச் செல்வர்கள் அணிந்தனர். கீழை நாடுகளின் ஆடம்பரப் பொருள்களுக்காக ரோமின் பணம் ஆண்டுதோறும் வெளியேறுகிறது என்று பிளினி குறைபட்டுக்கொண்டார். குளித்தவர்கள் பற்றி எஞ்சியிருக்கும் குறிப்புகளோ மிகச் சிலவே.

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் என்பது மரபு. பாண்டிய அரசுக்குக் குதிரைகள் கடல்வழியே வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைக்கு அரேபியக் கரையிலிருந்து குதிரைகள் வந்து இறங்குவதையும், இதே கடலில் முத்து எடுக்கப்படுவதையும் விவரிக்கிறார்.

ஒரு கல், இரண்டு ஆள்

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டைக் கடலோர மக்கள் 'பார்' என்கின்றனர். தூத்துக்குடிக் கடலில் உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. குளியாளி ஒரு கனத்த கல்லில் காலை ஊன்றி, கயிற்றோடு அடித்தளத்துக்கு இறங்குவார். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டு, கழுத்திலோ இடுப்பிலோ உள்ள வலைப்பையில் சிப்பிகளை நிரப்புவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் இழுத்துவிடுவார். அரேபியக் குளியாளிகள் மூக்கில் கொம்பாலான கவ்வியை மாட்டிக்கொண்டனர். தமிழ்க் குளியாளிகள் பெரும்பாலும் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினர்.

ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். அதனால் 'கல்' என்பதே உரிமையின் அளவாகவும் ஆனது. மதுரை நாயக்கர், சேதுபதி முதலியோருக்கு இத்தனை கற்கள் வரியின்றி என்று ஒதுக்கப்பட்டன. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் ஆவணங்களிலும் இக்கணக்கு வருகிறது.

சுறாவைக் குறித்த அச்சம் பெரிதாக இருந்தது. அதை மந்திரத்தால் கட்டுவதாகக் கருதப்பட்ட 'கடல்கட்டி' கரையில் இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்கத் தயங்கினர். இவருக்கு இருபதில் ஒரு பங்கும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் கிடைத்ததாக மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு. மீதியை அரசு ஏலம் விட்டது.

கடற்பஞ்சுத் தீவுகளின் அனுபவம்

மத்தியதரைக் கடலின் கிரேக்கத் தீவுகளான கலிம்னோஸ், சிமி ஆகியவற்றிலும் இதே முறை இருந்தது. அங்கே கல்லைப் பிடித்து மூழ்கியவர்கள் எடுத்தது கடற்பஞ்சு. 1860களில் அங்கு தலைக்கவசத்துடன் கூடிய முக்குளிப்பு உடை வந்தது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலே வந்தால், அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரியும் என்பதை அன்று அவர்கள் அறியவில்லை. பலர் இறந்தனர், பலர் முடமாயினர். 1900இல் ஆன்டிகித்தெரா தீவருகே பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தவர்களும் சிமித் தீவின் குளியாளிகளே. 1943இல் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுக்கருவி இன்றைய ஸ்கூபா முக்குளிப்புக்கு அடித்தளமானது. அதன்பின் மத்தியதரைக் கடலின் அடித்தளம் சுற்றுலாவுக்கும் திறந்தது.

மன்னார் வளைகுடாவில் அந்தப் பாடம் இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. சங்கு குளிப்போர் பலர் படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் நீருக்கடியில் வேலை செய்கின்றனர். கிரேக்கத் தீவினரை முடமாக்கிய அதே நோய் இவர்களையும் அச்சுறுத்துகிறது.

பார்களின் இன்றைய நிலை

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சிப்பிகள் பல ஆண்டுகள் பெருகுவதும் பின் மறைவதும் இக்கடலின் பழைய இயல்புதான். ஆனால் இம்முறை அவை முன்போலத் திரும்பவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் க. அழகர்சாமி செயற்கை முறையில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்.

தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையிலான 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. இப்பகுதியில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன. கடற்புல் வெளிகளில் ஆவுளியா எனப்படும் கடல்பசு மேய்கிறது. கடற்குதிரை, கிளிமீன், களவா, சிங்கி இறால், ஆமை, திருக்கை ஆகியனவும் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டதால் அரணிழந்த தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பைப் பெற்றன. கடல் வெப்பம் உயர்ந்த 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. அரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

இன்று ஸ்கூபா கருவியுடன் இறங்கும் ஆய்வாளர்கள் இப்பார்களை அளந்து பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அவற்றுக்குப் பெயரிட்டு, நீரோட்டமும் ஆழமும் அறிந்து வைத்திருந்தவர்கள் குளியாளிகள். அரசர்களின் பங்கும் வணிகர்களின் இலாபமும் கல்லிலும் ஏட்டிலும் எழுதப்பட்டன. குளியாளிகளின் அறிவு எழுதப்படாமல், பரம்பரையாக வாய்வழியே வந்திருக்கிறது. சங்கு குளிக்கும் முதியவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவு செய்வது, பவளப்பாறைகளைக் காக்கும் பணிக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.